இன்னும் இரண்டு ரவுண்டு, அதில் ஒன்றை விட்டுவிடலாம்

1

ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை, மாலை.

ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். புதன்கிழமை மாலை எழுத்து வகுப்பில் நான் வாசித்த கதையில், லோர்னா என்ற பெண்ணுக்குப் பாதம் வரை நீளும் கம்ப்ரஷன் டைட்ஸை மாட்டி, அதற்கு மேல் கம்பளி சாக்ஸ் போட்டு, அதற்கும் மேல் ஸ்கீ பூட்ஸைப் பூட்டி மலைக்கு அனுப்பிவிட்டேன். வாசித்து முடித்ததும் டெரிக் கையைத் தூக்கினார். அவர் எங்கள் லார்ச்பேக் மலையில் பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுபவர். வகுப்பில் பாதி நேரம் தூங்குவார். அன்று தூங்கவில்லை.

"அந்தம்மா உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. ஏன்?"

"பூட்ஸுக்குள்ள துணி மேல துணி. மடிப்பு கணுக்கால்ல கடிக்கும். ரெண்டாவது ரவுண்டு சறுக்கறதுக்குள்ளயே கால் மரத்துப் போய், கீழ லாட்ஜ்ல உக்காந்து பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு என்னைத் திட்டிட்டு இருப்பாங்க."

"உங்களை ஏன் திட்டணும்?"

"மலையில எது தப்பா போனாலும் என்னைத்தான் திட்டுவாங்க."

வகுப்பே சிரித்தது. ஸ்கீ பூட்ஸுக்குள் ஒரு காலுக்கு ஒரு சாக்ஸ், வேறு எதுவும் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அறிந்துகொள்ளும் விஷயம் இது. எனக்கும் தெரியும். ஆனால் எழுதும்போது நான் காலைப் பார்க்கவில்லை, வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பாதம் வரை' என்பது காதுக்கு நன்றாக இருந்தது.

அதனால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு மாடிப்படியிலிருந்து வந்தது. போன சனிக்கிழமை என் அம்மா அதில் பின்பக்கமாக இறங்கினாள்.

2

எங்கள் ஆசிரியர் க்ளென் சொல்லியிருந்தார்: "காதல் வேண்டாம், சாவு வேண்டாம். ஒருத்தர் கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கட்டும். அது போதும்."

பகலில் நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். யாருடைய வேதனையாக இருந்தாலும் அதற்கு ஒரு நேரம் ஒதுக்கிக் கட்டத்துக்குள் அடைப்பது என் வேலை. கதையையும் அப்படியே அணுகினேன். நான்கு தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "மனிதத் தொடைத்தசை நான்கு பகுதிகளால் ஆனது. அவற்றுள்" (விட்டுவிட்டேன். மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் தாள் போல இருக்கிறது.)

இரண்டாவது: "பனி பெய்துகொண்டிருந்தது. லோர்னா ஜன்னல் வழியே" (எங்கள் வகுப்பில் எல்லோருடைய கதையிலும் பனி பெய்கிறது, எல்லோரும் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். தவிர, இது ஏப்ரல். ஊருக்குள் மழைதான்.)

மூன்றாவது: "கம்ப்ரஷன் டைட்ஸ் என்பது தசையை இறுக்கிப் பிடித்து, அதன் அதிர்வைக் குறைத்து, களைப்பும் மறுநாள் வலியும் மட்டுப்படுவதற்காக உள்ளே அணியும் காலுடை." (இது சரியான தகவல். வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் யாருமே இல்லை.)

நான்காவது: "சமையலறையிலிருந்து பார்த்தபோது அம்மாவின் முதுகுதான் முதலில் தெரிந்தது."

இதில் ஆள் இருக்கிறது. இதிலிருந்து போகலாம்.

3

சமையலறையிலிருந்து பார்த்தபோது அம்மாவின் முதுகுதான் முதலில் தெரிந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குவதைப் போல ஒவ்வொரு படியாக வந்தாள்.

"என்னம்மா, ரிவர்ஸ் கியரா?"

"படியைத் துடைச்சுக்கிட்டே வர்றேன்."

"கையில துணியே இல்லையே."

"கண்ணாலயே துடைக்கிறேன். போர்ஷ் சூப் சூடா இருக்கா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமா?"

வியாழக்கிழமை மலையில் சறுக்கியதன் வலி அது. சறுக்கும்போது முழங்கால் மடிந்தே இருக்கிறது. தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தையும் தாங்குகிறது. அப்படி உழைத்த தசை உடனே புகார் சொல்வதில்லை. ஒரு நாள் பொறுத்து, அதற்கடுத்த நாள் படியில் இறங்கும்போது சொல்கிறது.

(கட்டுரை வாடை அடிக்கிறது. அம்மாவிடம் திரும்புகிறேன்.)

அம்மாவும் அவள் தோழி ரூத் ஹால்வர்சனும் குளிர்காலத்தில் வியாழன்தோறும் லார்ச்பேக்குக்குப் போவார்கள். அங்கே கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளில் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் பழையது. ஒரு நாற்காலியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் ரூத். பருவம் முடிந்து மலை மூடப்படும் சனிக்கிழமையில், லிஃப்டை நிறுத்துவதற்குமுன் ஆளோடு மேலே போகும் இறுதி நாற்காலி இவர்களுடையது. ஊரில் யாரும் அதற்குப் போட்டிக்கு வருவதில்லை.

இந்த வருடம் அம்மா மத்தியானத்தோடு கிளம்பிவிடுகிறாள். ஒரு வாரம் ரொட்டி மாவு பொங்கிவிடும் என்றாள். ஒரு வாரம் பூனை. ஒரு வாரம் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று ரூத்திடம் சொன்னாளாம். பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா வரவில்லை.

"ரூத் என்ன சொன்னா தெரியுமா?" அம்மா போர்ஷைக் கலக்கிக்கொண்டே, ரூத்தின் நீண்ட குரலில் சொல்லிக் காட்டினாள். "'மலை மூடுற அன்னைக்கு உன்னால சாயங்காலம் வரைக்கும் முடியலைன்னா சொல்லிடு லோர்னா. அதுல ஒண்ணும் தப்பில்ல. கெய்ல் என்கூட உக்காந்துக்கறேன்னு சொல்றா.' கெய்லாம், கெய்ல். அவ நாற்காலியில ஏறினா வாயே மூட மாட்டா. பாதி வழியில ரூத்தே தள்ளி விட்டுடுவா."

"நல்லதுதானே. இடம் காலியாயிடும்."

அம்மா சிரிக்கவில்லை. கரண்டியைப் பானையின் விளிம்பில் தட்டி வைத்தாள்.

வாசகரே, இந்தக் கதையில் பணயமாக இருப்பது இவ்வளவுதான்: ஒரு நாற்காலியின் இடது பாதி.

4

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. வகுப்பில் வாசித்த பிரதியில் லோர்னாவை உயரமான, அதிகம் பேசாத விதவையாக எழுதியிருந்தேன். விதவை என்றால் கதைக்கு ஒரு கனம் வரும் என்று நினைத்தேன். என் அம்மா குள்ளம். பேச்சை நிறுத்த மாட்டாள். புருஷன் இருக்கிறார்.

நேற்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா மேசையருகே காத்திருந்தாள். வியாழக்கிழமையாக இருந்தும் மலைக்குப் போகவில்லை. பூனைக்கு மறுபடியும் உடம்பு சரியில்லையாம். ரூத்தும் ஏதோ காரணம் சொல்லி வரவில்லையாம்.

"என் தொடையை வகுப்புல வாசிச்சியாமே. டெரிக் மளிகைக் கடையில வச்சுச் சொல்றார், முட்டை எடுத்துக்கிட்டே."

"அது கதைம்மா. கற்பனை."

"அந்தப் பொம்பளை பேரு?"

"லோர்னா."

"ரொம்ப யோசிச்சு வச்சிருக்கே."

"வேணும்னா மாத்திடறேன்."

"மாத்தாதே. நீ பாட்டுக்குக் கெய்ல்னு வச்சுடுவே." கராஜ் பக்கம் கையைக் காட்டினாள். "அவளை விதவையாக்கிட்டியாமே? உங்கப்பா கராஜ்ல பனி ஸ்கூட்டரைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கார். போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

போய்ச் சொன்னேன். அப்பா ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "சாகும்போது வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

(விதவை நீக்கப்பட்டாள். உயரமும் நீக்கப்பட்டது. இனி அம்மா அம்மாவாகவே வருவாள்.)

5

கடைக்குப் போனது திங்கட்கிழமை. ஸ்கீ பலகைகளுக்கு வழுக்கும்படி மெழுகு போட்டுத் தரும் அதே கடை. கல்லாவில் பிரேடன் என்ற புதுப் பையன் இருந்தான். சஸ்காட்செவன்காரன். அங்கே கோதுமை உண்டு, மலை கிடையாது.

"உங்க ஊர்ல எதுல தம்பி சறுக்குவீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ரோட்டுல மேடம். கார்ல இருக்கும்போது."

அம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

"என்ன சைஸ் பாக்கலாம்?"

"மீடியம்."

"டேப் வச்சுப் பாத்துடலாமா?"

"மீடியம்னு சொன்னேனே."

"இதை உயரம், எடை பாத்து எடுக்கக் கூடாது மேடம். தொடைச் சுத்தளவு, கெண்டைக்கால் சுத்தளவு, அதை வச்சுத்தான். இறுக்கமா இருந்தா நல்லதுன்னு சின்னதா எடுத்தா ரத்தம் ஓடாது, காலு ஜில்லிட்டுப் போகும். பெருசா எடுத்தா அது வெறும் பைஜாமா."

அம்மா காலை நீட்டினாள். "அளந்துக்கோ. வாய் விட்டுப் படிக்காதே."

அவன் அளந்தான். படிக்கவில்லை. "மீடியத்துக்குப் பக்கத்து வீடு மேடம்" என்று மட்டும் சொன்னான்.

பிறகு மூன்று வகைகளை மேசையில் பரப்பினான். கணுக்கால் வரை வருவது ஒன்று. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, பூட்ஸ் தொடங்குவதற்கு முன்பே நின்றுவிடுவது ஒன்று. அரை டிராயர் மாதிரி ஒன்று. நாள் முழுக்கச் சறுக்கப் போகிறவர்களுக்கு நடு வகைதான், பூட்ஸுக்குள் எதுவும் போகாது என்றான். மிதமான பிடிப்பு போதும், வியர்வையை இழுத்து வெளியே தள்ளும் துணியாக இருக்கட்டும், வீட்டுக்கு வந்த பிறகும் சாயங்காலம் அப்படியே போட்டிருந்தால் மறுநாள் வலி குறையும் என்று பலர் சொல்கிறார்கள் என்றான். (இதைப் பற்றி நான் தனியாகவும் படித்துப் பார்த்தேன். படித்ததில் பாதி 'ஆம்' என்றது. மீதிப் பாதி 'இருக்கலாம்' என்றது. 'கெடுதல்' என்று எதுவும் சொல்லவில்லை, அளவு சரியாக இருந்தால்.)

ஊதா நிறக் கோடு போட்டதை அம்மா ஒதுக்கினாள். "சைக்கிள் பந்தயக்காரி மாதிரி இருக்கும்." கறுப்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். சுவரில் இடிக்கும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், தாய்வீட்டு ரஷ்ய மொழியில் ஒரு வசவு.

"உள்ள யாரையாவது அடிக்கிறியாம்மா?"

"ஜெயிச்சுக்கிட்டிருக்கேன். பொறு."

வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்று முழங்காலை மடித்தாள். சரிவில் நிற்பதுபோல அப்படியே நின்றாள். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"யாரோ தொடையைப் பிடிச்சுக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு" என்றாள். "நல்லவங்க யாரோ."

பிரேடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொன்னேன்ல மேடம். இது உங்களைக் கடைசி ரவுண்டு வரைக்கும் தாங்கும்."

மூலையில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தினார். குனிந்து, கெட்டது அண்டாமலிருக்க மேசையின் மரத்தை மூன்று முறை தட்டினார். அம்மா திரைக்குப் பின்னால் போய், ஜீன்ஸோடு வந்து, டைட்ஸை மடித்து மேசையில் வைத்தாள்.

"வேண்டாம் தம்பி. நன்றி."

"நான் ஏதாவது தப்பா..."

"இல்லப்பா. நீ கோதுமைக்காரன்."

* அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 'கடைசி ரவுண்டு' என்ற வார்த்தையை எங்கள் ஊரில் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லிவிட்டு இறங்குகிற ரவுண்டில்தான் முட்டி திரும்பும், மணிக்கட்டு ஒடியும். எல்லோரிடமும் அதற்கு ஒரு கதை இருக்கிறது. அதனால் வீட்டுக்குக் கிளம்ப நினைப்பவர், "இன்னும் ரெண்டு ரவுண்டு, அதுல ஒண்ணை விட்டுடலாம்" என்பார். எல்லோருக்கும் புரியும். சிறு வயதில் இதை ஒரு கணக்கு என்று நினைத்தேன். பிறகு வெறும் மூடநம்பிக்கை என்று நினைத்தேன். இதை எழுதும்போதுதான் வேறு ஒன்று தோன்றுகிறது. நாளின் முடிவில் விழுவதற்குக் காரணம் களைத்த தொடை. டைட்ஸும் அந்த வார்த்தையைத் தவிர்ப்பதும் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து. ஒரு மருந்தை விற்றவன் மற்றொன்றைக் கொட்டிவிட்டான்.

6

வகுப்பில் வாசித்த பிரதி அதைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றிருந்தது. லோர்னா டைட்ஸை மேசையில் வைக்கிறாள். (அந்தப் பிரதியில் பிறகு மனம் மாறி வாங்கிக்கொண்டு, பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு மலைக்கும் போகிறாள். அதைத்தான் டெரிக் பிடித்துக்கொண்டார்.) மலைக்குப் போனவளுக்கு என்ன ஆனது என்று நான் எழுதவில்லை.

"முடிவு வேணும் மெரடித்" என்றார் க்ளென். என் பெயரை அவர் சொல்லும்போது எப்போதும் கொஞ்சம் வருத்தமாக ஒலிக்கும்.

மூன்று முடிவுகள் கிடைத்தன.

முன் வரிசையிலிருந்து ஒன்று: டைட்ஸ் அற்புதம் செய்கிறது. லோர்னா மாலை வரை சறுக்குகிறாள், ரூத் கண்கலங்குகிறாள், கெய்ல் மன்னிப்புக் கேட்கிறாள். (இதைக் கடைக்காரர்கள் போஸ்டராக ஒட்டிக்கொள்ளலாம்.)

டெரிக்கிடமிருந்து ஒன்று: லோர்னாவின் கால்கள் பாதி மலையில் மடங்கிவிடுகின்றன. அந்தி சாய்கிறது. தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. பனி வண்டி வருகிறது, அதிலிருந்து திடகாத்திரமான ஒருவர் இறங்கி... (டெரிக்கை அங்கேயே நிறுத்தினோம்.)

க்ளெனிடமிருந்து ஒன்று: லோர்னா கீழே பெஞ்சில் காபியுடன் உட்கார்ந்திருக்கிறாள். மேலே ரூத்தும் கெய்லும் போகும் நாற்காலியைப் பார்த்துக் கையசைக்கிறாள். அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். வகுப்பு மெல்ல "ஆ" என்றது.

எனக்குக் கோபம் வந்தது. நான் அபூர்வமாகவே கோபப்படுவேன், கோபம் சரிதானா என்று அப்புறம் வெகுநேரம் யோசிப்பேன். இதை யோசித்துவிட்டேன், சரிதான். என் அம்மா எதையும் ஏற்றுக்கொள்கிறவள் அல்ல. கீழே உட்கார்ந்து கையசைக்கும் முடிவுகளை எழுதுகிறவர்களுக்குத் தொடை வலித்ததே இல்லை.

7

இன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கடைக்குப் போனேன். பிரேடன் என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"தெரியும், தெரியும். மெழுகு போடறவர் பாடம் எடுத்துட்டார். அப்புறம் வந்தவங்க எல்லாரும் எடுத்தாங்க. தபால்காரர்கூட எடுத்தார்."

"அந்தக் கறுப்பு இருக்கா?"

"அந்த சைஸ்ல ஒண்ணுதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை ஒண்ணு போயிடுச்சு. அதே நீளம், அதே கறுப்பு."

"யாருக்கு?"

"பேர் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. உயரமா இருந்தாங்க. காதை மூடற சிவப்புத் தொப்பி. பேத்திக்குன்னு சொன்னாங்க. ஆனா டேப்பைத் தன் தொடையிலதான் சுத்தச் சொன்னாங்க. பேத்தியும் இதே அளவாம்." பையில் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "போகும்போது வாசப்படியில..."

"பின்பக்கமா இறங்கினாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தப் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட சிவப்புத் தொப்பி ஒன்றுதான் இருக்கிறது. அது ரூத்தினுடையது. ரூத்துக்குப் பேத்தி கிடையாது. இரண்டு பேரன்கள்தான், இருவரும் இன்னும் தவழ்கிறார்கள்.

காரில் உட்கார்ந்து, ரூத் சொன்ன வாக்கியத்தை மறுபடியும் படிப்பதுபோல நினைத்துப் பார்த்தேன். 'உன்னால முடியலைன்னா சொல்லிடு. அதுல ஒண்ணும் தப்பில்ல.' இதை நான் ஒரு மிரட்டலாக எழுதியிருந்தேன். இது ஒரு வேண்டுகோளாக இருந்திருக்கலாம். அம்மா முதலில் சொல்லட்டும், பிறகு நானும் சொல்லிவிடலாம் என்று ரூத் வாரக்கணக்காகக் காத்திருந்திருக்கலாம். அம்மாவோ ரொட்டி மாவு, பூனை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

(ஆக, நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய பாத்திரம் லோர்னா அல்ல.)

வீட்டில் பையைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திருப்பிக் கொடுத்துடு."

"அந்தப் பையன் உன்கிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னான்."

"என்னவாம்?"

"'இது இன்னும் ரெண்டு ரவுண்டுக்குத் தாங்கும், அதுல ஒண்ணை விட்டுடுங்க'ன்னு."

உண்மையிலேயே அவன் அப்படித்தான் சொன்னான். நான்கைந்து நாளாக ஒத்திகை பார்த்திருப்பான் போலிருக்கிறது. அம்மா பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கோதுமைக்காரன் தேறிடுவான்" என்றாள். மாடிக்குப் போனாள். இடிக்கும் சத்தம், மூச்சு, ரஷ்ய மொழி. பிறகு கைப்பிடியை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, முகம் முன்னால் தெரிய இறங்கி வந்தாள். வலி ஆறுவதற்கு ஒரு வாரம் கிடைத்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

"ரூத்கிட்ட மூச்சு விடாதே."

"விடமாட்டேன்."

"சத்தியமா?"

"எழுதிக்கூடத் தரேன்."

"எழுதாதே."

அப்போது தொலைபேசி ஒலித்தது. நான்தான் எடுத்தேன்.

"நாளைக்கு உங்கம்மா வர்றாளா?" என்றார் ரூத்.

"வர்றாங்க. சாயங்காலம் வரைக்கும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நிம்மதியா, ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன.

"அப்ப கெய்லுக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். "போற வழியில என்னையும் ஏத்திக்கோ, மெரடித். என் வண்டியில கிளட்ச் அழுத்த வர மாட்டேங்குது."

வராதது கிளட்சா காலா என்று நான் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு பகுதிகள் எழுத வேண்டும். அதில் ஒன்றை விட்டுவிடலாம். விடுவது எட்டாவது. அதில் மலை மூடும் நேரத்தில் இரண்டு பெண்கள் ஒரு நாற்காலியில் மேலே போகிறார்கள், இருவருடைய ஸ்கீ பேன்ட்டுக்குள்ளும் ஒரே கடையின் ஒரே கறுப்பு, இருவருக்கும் மற்றவளுடையது தெரியாது. யார் முதலில் சொல்வார், அல்லது பேன்ட்டின் ஓரம் எந்தக் காற்றில் தூக்கும், அல்லது இருவரும் கடைசிவரை (எழுதலாம், சொல்லக் கூடாது) வாயைத் திறக்கப் போவதில்லையா என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். க்ளென் கேட்டால் வாசகரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

9

நாளைக்குச் செய்ய வேண்டியது. அம்மாவின் பூட்ஸ் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காலுக்கு ஒரு சாக்ஸ். பிளாஸ்கில் போர்ஷ், இரண்டு கோப்பை. ரூத்தை ஏற்றிக்கொள்ளும்போது, அவர் வீட்டு வாசற்படி அம்மா பக்கத்துக் கார் ஜன்னலில் தெரியாதபடி காரைத் திருப்பி நிறுத்த வேண்டும்.